பக்கத்தின் அடியில் நாலு வரி

சிவெங்கா,
செவ்வாய்க்கிழமை, மத்தியானம்.

அன்பு மசோசிக்கு, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வேலை முடிந்து, வயிறு நிறைந்து, உட்கார ஓர் இடம் கிடைத்தவளாக இருக்கவேண்டும் என்பதுதான் என் முதல் ஜெபம். நின்றுகொண்டு படிக்காதே. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் தம்பி வெசியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். சோளம் அறுத்துக் களஞ்சியத்தில் போட்டாயிற்று, போன வருஷத்தைவிடப் பரவாயில்லை. வெசி பள்ளி அணியில் கோல்கீப்பர் ஆகிவிட்டான், இரண்டு ஆட்டத்தில் ஏழு கோல் விட்டான், வேறு ஆள் இல்லாததால் இன்னும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கைப்பம்பு மறுபடியும் காற்று இழுக்கிறது, வாஷரை மாற்றவேண்டும் என்றால் மூப்பர் சாவுலா முதலில் ஜெபிப்போம் என்கிறார், நீங்கள் ஜெபியுங்கள், ஆமென் சொல்வதற்குள் நான் மாற்றிவிடுகிறேன் என்றேன், அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உன் குளிர்காலம் தொடங்கியிருக்கும், அம்மா பின்னிய கம்பளியைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, போட்டுக்கொள். செய்தி இவ்வளவுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது, போனில் சொன்னால் பாதியில் நீ வைத்துவிடுவாய் அல்லது நான் வைத்துவிடுவேன், அதனால் எழுதுகிறேன். பஸ் டிரைவர் ங்கோமா நாளைக் காலையில் கிளம்புகிறார், வெள்ளிக்கிழமைக்குள் ஜோனி நகரத்தில் உன் கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நம் சபைக்கு நூறாவது வருஷம். அதன் சரித்திரத்தைப் புத்தகமாக எழுதும் வேலை என்னிடம் என்பது உனக்குத் தெரியும். ஏழு மாதம் எழுதினேன், முடித்தும்விட்டேன், விழாவுக்கு மறுநாள் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. போன வாரம் போதகர் ம்ஹோனே, பழைய கூட்டக் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தைப் படமெடுத்துப் புத்தகத்தில் போடலாம் என்றார். அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தவர் சாவுலா. நூறு வருஷத்து ஏடுகளில் இதைவிட அழகான கையெழுத்து கிடையாது, யார் எழுத்து என்று சொல்லவும் வேண்டுமா, நம்ம ஹராவாதான், பதினெட்டு வயசுல எழுதினது, பாருங்கய்யா எழுத்தை, முத்துக்கோத்த மாதிரி என்று என் தோளைத் தட்டி எல்லாருக்கும் காட்டினார். பக்கத்தின் மேல்பாதி பள்ளிக்கூடத்துக்குக் கிணறு தோண்ட எடுத்த தீர்மானம். அடியில் நாலு வரி இருக்கிறது. அதைச் சாவுலா கட்டைவிரலால் மறைத்துக்கொண்டார். இது மட்டும் வேண்டாம், வெட்டிடலாம், பாவம் இப்ப அது நம்ம வீட்டுப் பெண்ணாச்சே என்றார். நம்ம வீட்டுப் பெண் என்றது உன் அம்மாவை.

அந்த நாலு வரியை நீ பார்த்ததில்லை, நான் எழுதுகிறேன். "திவோங்கே கோண்ட்வே, திருமணமாகாதவள், கர்ப்பமாயிருப்பது தெரியவந்தது. கேட்டபோது காரணமான ஆணின் பெயரைச் சொல்ல மறுத்தாள். ஆண் யார் என்று தெரியவில்லை. ஆறு மாதம் திருவிருந்திலிருந்து விலக்கி, கடைசி பெஞ்சில் உட்காரவைக்கத் தீர்மானிக்கப்பட்டது." அவள் வயிற்றில் இருந்தது நீ. எழுதிய கை என்னுடையது. அந்த ஆணும் நான்தான்.

மறுபடி படிக்கவேண்டாம், சரியாகத்தான் படித்திருக்கிறாய். உன்னையும் உன் அம்மாவையும் இரக்கப்பட்டு ஏற்றுக்கொண்டவன் இல்லை நான். உன்னைப் பெற்றவன். வெசி உனக்கு முழுத் தம்பி.

எப்படி நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீயாக ஏதேதோ நினைத்துக்கொள்ளக்கூடாது. பன்னிரண்டு வயதிலிருந்தே ஞானஸ்நானப் பதிவேட்டில் பேர் எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். பழைய காரியதரிசிக்குக் கண் மங்கியபோது மூப்பர் கூட்டத்தில் குறிப்பு எழுத உட்காரவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் எழுதுகிறவனுக்கு வாய் கிடையாது. கேட்பான், எழுதுவான், கடைசியில் வாசித்துக் காட்டுவான், அவ்வளவுதான். அன்றைக்கு உன் அம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சபை எனக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கப் பணம் கட்ட ஒத்துக்கொண்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. என் பேரைச் சொன்னால் அது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். யாருடீ அது, சொல்லு என்று ஆறு மூப்பர்களும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே யாரோ கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதுப்பா, ஆண் யார்னு தெரியல என்றார் தலைவர். எழுதினேன். அந்த எழுத்து கொஞ்சமாவது நடுங்கியிருக்கவேண்டாமா? நடுங்கவில்லை. முத்துக்கோத்த மாதிரி இருக்கிறது.

பிறகு நான் கல்லூரிக்குப் போனேன், அவள் கடைசி பெஞ்சுக்குப் போனாள். நீ பிறந்தாய், உனக்கு மசோசி, கண்ணீர் என்று அவளே பேர் வைத்தாள். படிப்பு முடிந்து வந்து அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன், அப்போதாவது சொல்லியிருக்கலாம். கல்யாணத்தன்று அப்போதிருந்த போதகர் பிரசங்கத்தில் என்னை ஓசியா தீர்க்கதரிசிக்கு ஒப்பிட்டார், விழுந்துபோனவளைக் கைகொடுத்துத் தூக்கியவன் என்றார், சபை முழுக்க ஆமென் சொன்னது. உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், வெட்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் முக்காட்டை எடுத்து எறிந்தாள். ஓசியாவே, தீர்க்கதரிசியே, குடத்த எடு, போய்த் தண்ணி கொண்டாந்து ஊத்து, இந்தக் கெட்டுப்போனவ குளிக்கணும் என்றாள். கோபம் வந்தால் அம்மா ஏன் உங்களை ஓசியா என்கிறாள் என்று நீ சின்னதில் எத்தனை தடவை கேட்டிருப்பாய். இதுதான்.

பன்னிரண்டு வயதில் பள்ளியில் எவளோ உன்னிடம் அவர் உன் அப்பா இல்லை என்று சொல்லி, நீ அழுதுகொண்டு வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? உன்னை வளர்க்கிறவன் நான்தான், அதை யாரும் மாற்றமுடியாது என்றேன். அந்த வாக்கியத்தைத் திருப்பிப் பார், ஒரு பொய்யான சொல் கிடையாது. ஆனால் முழுக்கப் பொய். எழுதத் தெரிந்தவன் பொய் சொன்னால் அப்படித்தான் சொல்வான்.

நான் எழுத்தாளன் ஆனது இந்தச் சபையால், அது உண்மை. என்னை ஒழுங்காக எழுதவைத்தது அந்த நாலு வரி, அதுவும் உண்மை. முந்நூறு பேருக்கு மேல் சாவுக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதி வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு வரியும் எழுதுமுன் பெட்டிக்குள் கிடக்கிறவர் முகத்தைப் பார்த்து இதை வாசிக்கமுடியுமா என்று கர்த்தரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன். குடிகாரனை நல்லவன் என்று எழுதமாட்டேன், குடித்தார், பிள்ளைகளை அடிக்கவில்லை என்று எழுதுவேன். பொய் எழுதாத கை என்று மூன்று ஊர் தள்ளியிருந்தும் தேடிவருகிறார்கள். சபைப் பத்திரிகையில் பதினான்கு வருஷம் மாதாமாதம் ஒரு கட்டுரை. விசுவாசம், பொறுமை, விதைப்பு, அறுப்பு, எல்லாவற்றையும் பற்றி எழுதினேன். பாவ அறிக்கையைப் பற்றி மட்டும் ஒன்றுகூட எழுதவில்லை. யாரும் கவனிக்கவில்லை. உன் அம்மா கவனித்திருக்கிறாள். இந்த வாரம்தான் சொன்னாள்.

சாவுலா கட்டைவிரலை வைத்ததும், வெட்டக்கூடாது என்றேன். ஏன்ப்பா, உன் பொண்டாட்டி மானம் சந்தி சிரிக்கணுமா என்றார். முழுப் பக்கமும் போடவேண்டும், ஓரத்தில் ஒரு திருத்தம் எழுதவேண்டும், அதை ஞாயிற்றுக்கிழமை நானே வாசிப்பேன் என்றேன். போதகர் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துவிட்டது. வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் ஹராவா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே, கர்த்தர் காத்திருப்பார் என்றார். கர்த்தர் காத்திருப்பார், வாஷர் காத்திருக்காது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீரன் மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா அடுப்பில் சோளமாவுச் சீமா கிண்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்லக் கிண்டிக்கொண்டே இருந்தாள், அடிபிடித்து வாடை வந்தது, அப்போதும் நிறுத்தவில்லை. பிறகு துடுப்பை என் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். ஒன் பேனாதான் என்னைக் கடைசி பெஞ்சுல ஒக்கார வெச்சுது, இப்ப ஒன் பேனாதான் வந்து எழுப்பி விடுமோ? என்னைக் கேட்டியா? கேட்டியாய்யா ஓசியா? என்றாள். ஒனக்கு நெஞ்சு லேசாகணும், அதுக்கு நானும் எம் புள்ளயும் மறுபடி கூட்டத்துல நிக்கணும், அப்படித்தானே? என்றாள். மூன்று நாள் என் தட்டைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

நேற்றுக் காலை அவளே குறிப்பேட்டைக் கொண்டுவா என்றாள். கொண்டுவந்தேன். அந்தப் பக்கத்தை அவள் அதுவரை பார்த்ததில்லை, விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அழகாத்தான் எழுதியிருக்க என்றாள். பிறகு, நான் சொல்றேன், எழுது என்றாள். கூட்டக் குறிப்பில் அடிக்கக்கூடாது, ஓரத்தில்தான் திருத்தம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அந்த ஓரத்தில் எழுதினேன். அவள் சொன்னது ஒரே வரி: "இந்தப் பக்கத்தை எழுதியவன்தான் அந்த ஆண்." நான் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல், மனந்திரும்புதல், தேவ கிருபை என்று இன்னும் ஒரு வரி சேர்க்கப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். கிருபைய கர்த்தர் எழுதிக்குவாரு, நீ ஒம் பேர எழுது என்றாள். எழுதினேன். இந்தத் தடவை நடுங்கியது.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். உனக்குத் தெரியாமல் நான் பலிபீடத்துக்கு முன்னால் போய் நிற்கக்கூடாது. நீ வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பக்கத்தைக் குறிப்பேட்டிலிருந்து அவளே கிழித்து அடுப்பில் போடுவாளாம், சபையே திரண்டு வந்தாலும் பதில் சொல்லிக்கொள்வாளாம். செய்வாள், உனக்குத் தெரியும். அதனால் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அவளைக் கூப்பிட்டுச் சொல். என்னிடம் பேசவேண்டிய கட்டாயமில்லை. வாசித்தால் எனக்கு என்ன ஆகும் என்று கவலைப்படாதே. ஆறு மாதம் கடைசி பெஞ்ச், திருவிருந்து கிடையாது, பேனாவைப் பிடுங்கிக்கொள்வார்கள், சாவுக் குறிப்பை வேறு யாராவது எழுதுவார்கள், புத்தகத்தில் என் பேர் இருக்காது. அவள் உட்கார்ந்த இடம்தானே, உட்காருகிறேன். எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை, அதை மறைக்கவில்லை. வேண்டாம் என்று நீ சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் எனக்காகப் பரிதாபப்பட்டு எதையும் முடிவு செய்யாதே, நான் கேட்பது அது இல்லை.

உன் போனில் காசு போட்டுவை, சனிக்கிழமை நெட்வொர்க் அடைத்துக்கொள்ளும், காலையிலேயே கூப்பிடு. ங்கோமாவிடம் உசிபா கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன், அம்மா வறுத்தது, ஈரம் படாமல் வை. நீ செய்யும் வேலையிலும் போகும் வழியிலும் கர்த்தருடைய கை உன்மேல் இருக்கட்டும், என் தப்பு உன்மேல் விழாமல் அவர் தடுப்பாராக.

இன்னும் ஒன்று. நீ எழுதும் கடிதங்களை எல்லாம் "என்னை வளர்த்த அப்பாவுக்கு" என்று தொடங்குவாய். பதினேழு கடிதம், எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் அந்த முதல் வரியைத் தாண்டித்தான் படிக்கத் தொடங்குவேன். இனி எழுதினால் 'வளர்த்த' என்ற சொல்லை எடுத்துவிடு. அதன் இடத்தில் என்ன போடுவது என்பது உன் இஷ்டம், வெறும் ஹராவா என்று போட்டாலும் சரி.

உன்னைப் பெற்றவன்,
கொண்ட்வானி ஹராவா