நம்ம ஆள் விலை

கோலா தெர்லா
12.3.2024

டேய் முகுந்தா,

நலமா? வீட்டில் வாசுகி நலமா? நானும் குமுதாவும் நலம். மலர் மாப்பிள்ளையோடு ஈப்போ போய்விட்டாள். போனில் பேசினால் கத்திவிடுவேன், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். என் மகள் கல்யாணத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டேன். ஷோரூமில் வேலை இருந்திருக்கும்.

நீ விற்ற காரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உலகத்துக்கே இருநூறு வண்டி, மலேசியாவுக்கு மூன்றுதான் என்றாயே, அதில்தான் மலரும் மாப்பிள்ளையும் எஸ்டேட் கோவிலிலிருந்து தானா ராத்தா மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். வெறும் தூறல்தான். கூரை ரப்பர் வழியாகத் தண்ணீர் இறங்கி அவள் சேலையில் சொட்டியது. மேட்டில் எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பங்களாதேஷ் ஆட்கள் இறங்கிவந்து தள்ளிப் பார்த்தார்கள், நகரவில்லை. கடைசியில் முட்டைக்கோஸ் ஏற்றும் என் கோபிஸ் லோரியில்தான் பெண்ணும் மாப்பிள்ளையும் மண்டபத்தில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பதில் அவர் கையால் கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருக்கலாம்.

இடது கதவைச் சாத்தினாலும் விரல் நுழைகிறது. பின்பக்கம் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறது. லிஸ்ட் விலைக்கு மேல் அவ்வளவு ஏற்றினாயே, கேட்டதற்கு, "வண்டி கொஞ்சம்தான் வந்துச்சு, அதான் வெல ஏறி நிக்குது. உனக்கு நம்ம ஆளு வெலதான் லா" என்றாய். மூன்று வண்டியும் இப்படித்தானா, எனக்கு வந்தது மட்டுமா? விசாரித்து எழுது.

உன் நல்லு


பெட்டாலிங் ஜெயா
20.3.2024

அன்பு நல்லுவுக்கு,

கடிதம் கிடைத்தது. மலருக்கு எங்கள் ஆசி. இந்த மாதிரிக் கார்களைக் கொஞ்சமாகச் செய்வதால் தொடக்கத்தில் சின்னச் சின்னக் குறைகள் வருவது சகஜம். உங்கள் ஊர் ஈரமும் ஒரு காரணம். சர்வீசுக்கு அனுப்பி வை, பார்க்கச் சொல்கிறேன். கல்யாணத்தன்று முக்கியமான வாடிக்கையாளர் ஒருவர் வந்துவிட்டார். மன்னித்துக்கொள்.

முகுந்தன்


கோலா தெர்லா
2.4.2024

டேய் முகுந்தா,

ஈரமா? நீயும் நானும் அந்த ஈரத்தில், ஒரே எஸ்டேட் லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள்தானே. என் லோரி பத்தொன்பது வருஷமாக அதே ஈரத்தில்தான் நிற்கிறது, ஒரு சொட்டு உள்ளே இறங்கியதில்லை.

உன் ஷோரூமுக்கு நான் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? மேனேஜர் முன்னால் என்னை "சார்" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பானெட்டைத் திறந்து காட்டட்டுமா என்று அவர் கேட்டார். "வேணாம் பாஸ், விக்கிறது எங்க லயத்து ஆளு" என்றேன். திறந்து பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று ஆகிவிடும். அப்படித்தானே நாம் வளர்ந்தோம்.

நேற்று மெக்கானிக் யோகேஸ் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று சீட்டைக் கழற்றினான். கார்ப்பெட்டுக்கு அடியில் உங்கள் ஷோரூம் தாள் ஒன்று இருந்தது. கூரை, கதவு, ரேடியேட்டர், எல்லாக் குறையும் எழுதியிருக்கிறது. தேதி நான் வாங்குவதற்கு ஏழு மாதம் முன்னால். கீழே இருக்கும் கையெழுத்து உன்னுடையது மாதிரி இருக்கிறது. இல்லை என்று சொல்லடா, நம்பிவிடுகிறேன்.

நல்லு


பெட்டாலிங் ஜெயா
9.4.2024

நல்லு,

என் கையெழுத்துதான்.

உனக்கு முன்னால் இரண்டு பேர் மெக்கானிக்கோடு வந்தார்கள். பானெட்டைத் திறந்தார்கள், பார்த்தார்கள், போய்விட்டார்கள். வண்டி ஏழு மாதம் அப்படியே நின்றது. மேனேஜர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "தொறந்து பாக்காத ஆளா ஒருத்தரப் புடிங்க முகுந்தன்" என்றார். அப்படி ஓர் ஆள் எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை.

நம்ம ஆள் விலை என்றேனே, அவர்களிடம் கேட்டதைவிட உன்னிடம்தான் அதிகம் கேட்டேன். நீ என்னிடம் பேரம் பேச மாட்டாய் என்று தெரியும்.

கல்யாணத்தன்று எந்த வாடிக்கையாளரும் வரவில்லை. நான் தானா ராத்தா வந்தேன். மண்டப வாசலில் மலர் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லோரியிலிருந்து இறங்கினாள். நீ கீழே நின்று கை கொடுத்தாய். உன் முகத்தைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் ஒதுங்கிவிட்டேன். பையில் இருந்த மொய்க் கவரோடு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வாசுகியிடம் சாப்பாடு நன்றாக இருந்தது என்று பொய் சொன்னேன்.

நடந்ததை எல்லாம் மேனேஜருக்கும் மேலே, தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், பணமும் வந்துவிடும். வேலை போனால் போகட்டும். நீ என்னைத் திட்டி ஒரு வரி எழுதடா. எவ்வளவு கெட்ட வார்த்தையாக இருந்தாலும் சரி.

முகுந்தன்


கோலா தெர்லா
30.4.2024

மதிப்பிற்குரிய முகுந்தன் சார் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் ஷோரூமிலிருந்து போன செவ்வாய்க்கிழமை லோரி வந்து காரை ஏற்றிக்கொண்டது. பணமும் வந்து சேர்ந்தது. வந்தவர் எதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடப் போனார். நான் விடவில்லை. பானெட்டையும் கதவுகளையும் திறந்து காட்டி, அவர் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தேன்.

போன வாரம் மலர் வந்திருந்தாள். "முகுந்தன் சித்தப்பா ஏம்ப்பா வரல?" என்று கேட்டாள். வேலை என்று சொல்லிவிட்டேன். தாங்கள் வந்து நின்றது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

திட்டி எழுதச் சொல்லியிருந்தீர்கள். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. எனக்கு நம்ம ஆட்களை மட்டும்தான் திட்ட வரும்.

இப்படிக்கு,
சு. நல்லுசாமி
வாடிக்கையாளர்