நீங்க பிஸியா இருப்பிய

உன் மகளின் கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். கடை வாசலில் நின்றபடியே உன் கொழுந்தன் சொன்னார்: "கல்யாணத்துக்கு வீடு வீடா விளிக்க நீங்க வரண்டாம் அக்கா. கடையில பிஸியா இருப்பிய." ஊசி விரலில் ஏறிவிட்டது. நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்?

வடசேரியில் இரண்டு மெஷினோடு நாம் கடை போட்டபோது நமக்கு எவ்வளவு பிடித்த வார்த்தை அது. ஓணத்துக்கு முன்னால் துணி குவிந்தால், "ஏட்டி, நாம இப்ப பிஸியாக்கும்" என்பாய். வேலையைப் பெரியவர்கள் சோலி என்று சொன்னதற்கு நாம் இங்கிலீஷ் கவுன் மாட்டிவிட்டோம், அவ்வளவுதான். உன் வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டால் "பிஸி" என்று வைத்துவிட்டு, அந்தக் கையோடு டீ சொல்லுவாய். நாலு பேருக்கு நாம் வேண்டும் என்கிற கர்வம் அதில் இருந்தது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகுதான் அதன் இன்னொரு புழக்கம் தெரிந்தது. என் தம்பி மகள் வளைகாப்புக்கு எல்லோரையும் விளித்தவர்கள், என்னிடம் மட்டும் "ஒனக்கு பிஸியா இருக்கும்லா" என்றார்கள். தாலியறுத்தவள் வரவேண்டாம் என்று சொல்ல நாக்கு கூசும். அதற்குத்தான் இந்த மரியாதையான வார்த்தை. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். நீ மெஷினை நிறுத்தினாய். "விளிக்க அவியளுக்கு மனசில்ல. அதுக்கு நீ எதுக்குட்டி பிஸியாவணும்? பொறப்படு." கையைப் பிடித்து இழுத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தாய். ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் நீ என்ன சொல்வாய் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது நீ இல்லாததால் கொழுந்தனுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. உன் வீட்டுக்காரர் வழக்கம்போலத் தம்பி சொல்லுக்குத் தலையாட்டுகிறார். அம்மா இல்லாத பெண்ணுக்கு அம்மா இடத்தில் ஒருத்தி குங்குமச் சிமிழோடு வீடு வீடாகப் போய் விளிக்க வேண்டும் அல்லவா? அதற்குக் கொழுந்தன் தன் மச்சினியை ஏற்பாடு செய்திருக்கிறார். அவளை உன் மகள் சரியாகப் பார்த்ததுகூட இல்லை.

உன் மகளிடமே கேட்டேன். "மக்கா, நான் விளிக்கப் போனா ஒனக்கு மனசுல ஏதும் உண்டா?"

"நீங்க விளிக்காத கல்யாணம் எனக்கு வேண்டாம் பெரியம்மா."

இன்று கடையை அடைத்தேன். இருப்பதில் நல்ல பட்டை உடுத்தினேன். முதல் விளி உன் கொழுந்தன் வீட்டுக்குத்தான். கதவைத் திறந்தவர் திகைத்துப் போனார்.

"அக்கா, கடை..."

"அடச்சாச்சு. பிள்ளைக்க கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வரணும்."

சிமிழை நீட்டினேன். அவர் அசையவில்லை. பின்னாலிருந்து அவர் மனைவி வந்து, குங்குமம் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீடு அவருடைய மச்சினி வீடு. எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் நீ எனக்குக் கடையை மட்டும்தான் விட்டுப்போனாய் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உன் திமிரும் என்னிடம்தான் இருக்கிறது.