முள் காட்டிய அரை டாங்க்

மேல் டிவிஷன் லயம்,
போடிமெட்டு வழி,
17-11-1974, ஞாயிறு

அன்பு மகன் குருசாமிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் நீயும் அப்படியே இருக்க முருகனைக் கும்பிடுகிறோம். முதலில் நல்ல சேதியைப் படித்துவிடு. வியாழக்கிழமை உன் தங்கை சின்னத்தாய்க்குப் போடி ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளைக்குக் குறையில்லை, நல்ல தொண்டை. அவளுக்குத்தான் ரத்தம் அதிகம் போய்விட்டது, இன்னும் எழுந்து உட்காரவில்லை. இரண்டு நாள் போனால்தான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டரம்மா. அம்மா அவள் கூடவே இருக்கிறாள், துணி எடுக்க லயத்து வீட்டுக்கு வந்த நான் இதை எழுதுகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். புரட்டாசியில் நீ லீவில் வந்தபோது எஸ்டேட் ஜீப்புக்கு வயரெல்லாம் மாற்றிக் கொடுத்தாய் அல்லவா, ஆயுத பூஜை கழிந்ததிலிருந்து அதன் பெட்ரோல் முள் பேயாட்டம் ஆடியது. நேர் ரோட்டில் கால் டாங்க், வளைவில் அரை, குழியில் இறங்கினால் முழுசு. உன் வேலைதான் கெட்டது என்று மானேஜர் துரையிடமும் சொன்னேன், உனக்கும் சூடாக ஒரு கடிதம் போட்டேன். அன்று முதல் சீட்டைத் தூக்கி, கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை டாங்குக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்த்துத்தான் ஓட்டிவந்தேன். வியாழன் மத்தியானம், சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே சின்னத்தாய்க்கு வலி கண்டுவிட்டது. முந்தின நாள் வண்டி வேறு டிரைவர் கையில், எவ்வளவு எரித்தானோ தெரியாது. அவளைப் பின்னால் அம்மா மடியில் படுக்கவைத்த அவசரத்தில் நான் குச்சி விடவில்லை, முள்ளை மட்டும் பார்த்தேன். அப்பா பெட்ரோல் இருக்காப்பா என்று அவளே கேட்டாள். அரை டாங்க் கெடக்கு தாயி, நீ பயப்படாதே என்றேன்.

போடிமெட்டு ஏற்றத்தில், உச்சிக்கு இன்னும் முக்கால் மைல் இருக்கையில் வண்டி இருமி நின்றுவிட்டது. முள் அப்போதும் அரையில்தான் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தேன், காய்ந்தபடி வெளியே வந்தது. ஏலக்காட்டில் களையெடுத்த பெண்கள் பத்துப் பேர் ஓடிவந்து தள்ளினார்கள், உச்சியைத் தொட ஒரு மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்து இறக்கம்தானே, செத்த இஞ்சினை செகண்ட் கியரில் பிடித்து, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு அத்தனை கொண்டை ஊசியும் இறக்கினேன். பாதி மலையில் சின்னத்தாய் சத்தம் நின்றுவிட்டது. அவள் கத்தினபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. இருக்காளா சாந்தம்மா என்று கேட்டேன், நீரு ரோட்டப் பாரும் என்றாள் உன் அம்மா. அடிவாரத்து முந்தல் செக்போஸ்டில் ஒரு டாக்சிக்காரர் தன் வண்டியிலிருந்து பெட்ரோல் இறக்கித் தந்தார், மகராசன். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ரத்தம் போயிருக்காது என்று டாக்டரம்மா சொன்னது காதிலேயே நிற்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன், டாங்கில் குறையில்லை, நீ இழுத்த வயரிலும் ஒரு கீறல் இல்லை. சின்னத்தாயைப் பார்க்க வந்திருந்த நம் மாப்பிள்ளையிடம் வண்டியைக் குலுக்கச் சொல்லிவிட்டு டாஷ்போர்டுக்குப் பின்னால் தலையை நுழைத்தேன். ஆயுத பூஜைக்கு நான் கட்டிய எலுமிச்சம்பழம் வற்றிச் சுருங்கி அங்கே ஆடிக்கொண்டிருந்தது. இந்த மூடுபனியில் நூல் இற்றுப்போகும் என்று பெரிய புத்திசாலியாகச் செம்புக் கம்பியில் கட்டியிருந்தேனே, அந்தக் கம்பி வண்டி ஆடும்போதெல்லாம் மீட்டர் திருகாணியில் போய் உரசுகிறது, உரசினால் முள் ஏறுகிறது. கம்பியை அறுத்தேன், முள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

பீடிக்காகக் கோட்டுப் பையில் கை விட்டால் உன் பதில் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமையே வந்ததுதான், மகன் எனக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டான் என்ற ரோசத்தில் பிரிக்கவே இல்லை. அங்கேயே நின்று பிரித்தேன். மீட்டருக்குப் பின்னால் புதிதாகக் கம்பி ஏதும் கட்டினீர்களா பாருங்கள் அப்பா, அதுவரை முள்ளை நம்பாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். வியாழக்கிழமை அது என் பையில்தான் இருந்தது. அம்மாவிடம் சொன்னேன், ஒமக்கு ரோசம் பெருசா பிள்ள பெருசா என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு வார்டுக்குள் போய்விட்டாள். நேற்றுத் துரையிடம் போய், மகன் வேலையில் பழுதில்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். ஒரு மாதம் கவாத்து வேலை, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அது எனக்கு வேண்டியதுதான்.

நான் முன்பு எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு மகனே, அப்பாவை மன்னித்துக்கொள். குளிருக்குக் கம்பளியைக் கழற்றாதே, வேளைக்குச் சாப்பிடு. நீயும் உன் கை வேலையும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும். தங்கைக்குத் தனியாக நாலு வரி எழுது, ஆனால் இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே. எங்கப்பாதான் வண்டிய உருட்டியே மலையெறக்கி என்னயக் காப்பாத்துச்சு என்று படுத்தபடியே வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் எழுந்து உட்காரட்டும், நானே சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. நல்லமுத்து