அடக்கமுள்ள மனைவி

உமது உள்ளங்கைத் தழும்பு சோற்றுப்பானை கவிழ்ந்து வந்ததென்று உமது செத்தவீட்டில் கதைத்தார்கள். தவறு. உமது கணவர் துணி தேய்க்கும் மின்னழுத்தியைச் சூடாக்கி, உமது கையை மேசையில் விரித்துப் பிடித்து, அதன்மேல் வைத்தார். வேதாகமத்தைத் திறந்த கை என்பதால் வலது கை. நான் கண்ணால் காணவில்லை, நீர் சொன்னீர். நீர் பொய் சொல்லிப் பழகியவர் அல்லர்.

இன்று காலை வெள்ளைச் சேலையை அழுத்திக்கொண்டிருந்தபோது உமது மகள் தொலைபேசியில் அழைத்தாள். என் கவனம் தவறிச் சேலை கருகியது. அந்த மணத்தோடு நீரும் வந்துவிட்டீர்.

“அன்ரி, கல்லறைக் கல்லில அம்மாவின்ர பேருக்குக் கீழ ‘அடக்கமுள்ள மனைவி’ எண்டு போடச் சொல்லிட்டார் அப்பா. வெள்ளிக்கிழமை வெட்டப் போகினம்.”

“நீ என்ன சொன்னனீ, பிள்ளை?”

“நான் என்னத்தைச் சொல்ல? அப்பாவோட ஃபைட் பண்ண ஏலாது, அன்ரி.”

கன்னியாஸ்திரிகளிடம் ஒரே வாங்கில் இருந்து படித்த நாங்கள், கலியாணத்துக்குப் பிறகு வேறு வேறு கோயில்களுக்குப் போனோம். நாங்கள் புலம்பெயர்ந்து குடிவந்த மல்வேர்னில் ஒரு களஞ்சியத்தின் மேல்மாடியில் கூடும் சபைக்கு உமது கணவர் மூப்பரானார். அன்றோடு உமது காதுத் தோடு போயிற்று, வீட்டு வானொலி போயிற்று. சபையில் பெண்கள் வாய் திறக்கலாகாது. நீரோ புதன்கிழமைகளில் உமது சமையலறையில் பெண்களைக் கூட்டி வேதம் வாசித்தீர். விளக்கமும் சொன்னீர். அதுதான் குற்றம்.

சபை உம்மை விசாரித்த அன்று நான் உமக்குத் துணையாக வந்து பின்வரிசையில் இருந்தேன். மனம் வருந்துகிறீரா என்று போதகர் கேட்டார்.

“எதுக்கு? வாசிச்சதுக்கோ, விளங்கினதுக்கோ?” என்றீர்.

உமது கணவர் எழுந்து வந்தார். உமது பின்னலைக் கையில் சுற்றி வாசல்வரை இழுத்தார். கதிரைகள் சரிந்தன. கதவு நிலையில் உமது வாய் மோதி இரத்தம் வந்தது. ஆண்கள் பாடத் தொடங்கினார்கள், உமது சத்தம் கேளாதபடி உரக்க. நான் குடையால் அவரது முழங்கையில் அடித்தேன். இன்றுவரை அதற்காக வருந்தவில்லை. அன்று மாலைதான் மின்னழுத்தி.

கைக்கட்டோடு என் வீட்டில் தங்கியிருந்தபோது நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தீர். அமெரிக்கக் கரையில் ஆதியில் குடியேறிய பியூரிட்டன்களைப் பற்றியது. வீட்டில் பெண்களைக் கூட்டி வேதம் விளக்கிய ஒருத்தியை அவர்களின் மூப்பர்கள் விசாரித்து ஊரைவிட்டுத் துரத்தியிருந்தார்கள். எதிர்த்துப் பேசிய இன்னொருத்தியின் நாக்கைப் பிளந்த குச்சியில் நெரித்து, சனம் பார்க்க நிறுத்தியிருந்தார்கள்.

“உந்த மூப்பரின்ர படத்தைப் பாரும். தொப்பியைக் கழட்டினா என்ர மனிசன்,” என்றீர். உதடு வெடித்திருந்தது; வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்.

“அந்தச் சபையை விட்டிட்டு வாரும்,” என்றேன்.

“நான் ஏன் விட? வேதம் என்ன அவையின்ர சீதனமே?”

பிறகு புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னீர்: “அடக்கமா இரு, அடக்கமா இரு எண்டினம். எங்கட பாஷையில பொம்பிளைக்கு வேணுமெண்ட குணத்துக்கும் பிரேதத்தைப் புதைக்கிறதுக்கும் ஒரே சொல். கவனிச்சீரே?”

நீர் அவரிடமே திரும்பிப் போனீர். அதை நான் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் இதயம் நின்ற வாரம்வரை புதன்கிழமை வாசிப்பை நீர் விடவில்லை.

இன்று உமது கணவரை அழைத்து, பெயர் மட்டும் போதும் என்றேன். “எங்கட குடும்ப விசயத்தில உங்களுக்கு என்ன வேலை?” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

உமது புதன்கிழமைப் பெண்கள் இப்போது என் வீட்டுக்கு வருகிறார்கள். பூசையில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்து பழகிய நான், வாசித்துவிட்டு, “விளங்கினதைச் சொல்லுங்கோ” என்று கேட்கிறேன். அந்தக் குரல் உம்முடையது. என் தொண்டையில் இருக்கிறது.

இம்மடலின் பிரதியொன்று உமது கணவருக்குப் போகிறது. ஐயா, அந்தச் சொல்லைக் கல்லிலிருந்து நீக்குவீர்களா, மாட்டீர்களா? வெள்ளிக்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள்.