அம்மாவுக்கும் ஒரு டிக்கெட்

புரட்டாசி, வியாழக்கிழமை இரவு

சென்னையில் மீன் காட்சியகம் பார்க்க இந்தச் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். மகளின் ஒரு வருட நச்சரிப்பு. போட்ட பிறகுதான் உறைத்தது, அது புரட்டாசிச் சனிக்கிழமை. மாமியார் விரதம் இருக்கிற நாள். இந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டுக்குள் கவுச்சி வராது. மீன் விற்கிற என் அம்மாவும் வர மாட்டாள். மற்ற மாதங்களிலும் வாசலில் நின்று பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவதோடு சரி. ஒன்பது வருடமாக இப்படித்தான்.

சாயங்காலம் பயந்துகொண்டே அத்தையிடம் சொன்னேன். பூ கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"பாக்கறதுக்குத்தானம்மா போறோம், துன்றதுக்கா? பெருமாளுக்குத் தளிகை போட்டுட்டு கெளம்பலாம்."

"சரிங்க அத்தை."

"அத்தினி மீனு இருக்குது, எது இன்னா மீனுன்னு புள்ளைக்கு யாரு சொல்லுவாங்க? உங்க அம்மாவக் கூட்டிக்கினு வா. இந்த மாசம் யாவாரமும் டல்லாத்தான இருக்கும்."

அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அங்க மீனெல்லாம் கண்ணாடிக்குள்ள இருக்கும். வாடை எம்மேலதானம்மா அடிக்கும்?"

"அத்தைதான் கூப்பிட்டாங்க" என்று மறுபடியும் சொன்னேன்.

"எந்தப் பொடவ கட்டறது?" என்றாள்.