துரை கொடுத்ததாகச் சொன்ன கடிகாரம்

கோலா சிலாங்கூர்
ஞாயிறு காலை

அன்பு மகன் முகுந்தனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அங்கே அந்தக் குளிரில் நீயும் விமலாவும் பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணையிருக்கட்டும். அப்பாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, பாசிர் பெனம்பாங்கில் நல்ல மீன் வந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் வலி மறந்து மோட்டாரில் ஏறிவிடுகிறார். பெரிய மாமா தனபாலன் காலமான பிறகு தாத்தாவின் கடிகாரம் என்னிடம் வந்தது, அதைப் பழுது பார்த்து உனக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் பிள்ளை அழும், அப்புறம் பேசுறேம்மா என்று வைத்துவிடுவாய்.

அந்தக் கடிகாரத்தின் கதை உனக்குத் தெரியும். சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு அடுத்த வருடம் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது, தன் கையிலிருந்து கழற்றி வேலையாட்களைக் கண்காணித்த உன் தாத்தா மண்டோர் சிவானந்தத்தின் கையில் கட்டிவிட்டுப் போனார் என்று லயத்து வீடுகள் எல்லாமே சொல்லும். அவ்வளவு உசந்த சாமான் நமக்கு வேறு எந்த வழியில் வந்திருக்கும் என்பதுதான் எல்லாருடைய நினைப்பும். தாத்தா அதைச் சில வருடம் கழித்துத்தான் கட்ட ஆரம்பித்தார், அதுவரை பெட்டியில் பூட்டி வைத்திருந்தார் என்று அதற்கும் ஒரு காரணம் சொல்வார்கள். சின்ன மாமா சுகுமாரன் ஒருவர்தான், இல்லை, நான் கப்பலில் வேலை செய்தபோது ஹாங்காங்கில் வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீடு அளவுக்கு மீன் பார்த்தேன் என்று சொல்கிற ஆளாயிற்றே, யார் நம்புவார்கள்? வந்துருச்சுடா கப்பல் கதை என்று பெரிய மாமா ஆரம்பித்துவிடுவார், வீடே சிரிக்கும். தாத்தா ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார், கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டு இருப்பார். நீங்களெல்லாம் சின்ன மாமாவைக் கப்பல் மாமா என்று கூப்பிடுவதே அதில் வந்த பெயர்தான். இப்போது சில வருடமாக அவர் அந்தக் கதையைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

போன வாரம் ரவாங்கில் லிங்கேஸ்வரனிடம் கடிகாரத்தைக் கொண்டுபோனேன். என்னிடம் படித்தவன், ஒரு நிமிடம் உட்கார மாட்டான், இன்றைக்குப் பழைய கடிகாரம் வாங்கி விற்பதில் பெரிய ஆள், கடையில் ஏர்கோன் எல்லாம் இருக்கிறது. டீச்சர், பிரம்பு கொண்டு வரலைதானே என்று கேட்டுக்கொண்டே நாற்காலி போட்டான். துரை கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவன் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, துரை எந்த வருஷம் ஊருக்குப் போனாரு டீச்சர் என்றான். ஐம்பத்தெட்டு என்றேன். அப்ப இதை வாங்கிக் குடுக்க மறுபடி கப்பலேறி வந்தாரா லா என்று சிரித்தான்.

பிறகு எனக்கும் அந்தக் கண்ணாடியைக் கொடுத்துக் காட்டினான். ஆறு மணிக்குக் கீழே சுவிஸ் என்று பொடி எழுத்து, அதற்கு இரண்டு பக்கமும் ஆங்கில டி என்று இன்னும் பொடியாக ஒவ்வோர் எழுத்து. இருட்டில் ஒளிரும் பூச்சை அறுபதுகளின் ஆரம்பத்தில் மாற்றினார்களாம், மாற்றியதற்கு அடையாளம் அந்த டி. முகத்தை மட்டும் பிற்பாடு மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். கேப்பீங்கன்னு தெரியும் என்று திருகைத் திருப்பித் தேதிகளை ஓட்டினான். துரை இருந்த காலத்தில் இந்த மாடலில் தேதி ஒரு நாள் சிவப்பு, மறுநாள் கறுப்பு என்று மாறி மாறி வருமாம். இதில் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை எல்லாம் கறுப்பு. பின்மூடியைத் திறந்தான். உள்ளே ஆடுகிற சக்கரமும் துரை போனதற்குப் பிந்திய வடிவம்தான்.

முகுந்தா, அந்தக் கண்ணாடியை வைத்து இன்னொரு தரம் நானே தேதிகளை ஓட்டிப் பார்த்தேன். பழைய பாடப்புத்தகத்தில் முதல் பக்கம் கிழிந்திருந்தாலும், லை என்ற எழுத்து தும்பிக்கை போலச் சுழித்திருந்தால் அது எந்தக் காலத்துப் புத்தகம் என்று நான் சொல்லிவிடுவேனே, அதுபோலத்தான் இதுவும். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாகச் சொல்லலாம். மூன்று மூலையில் உட்கார்ந்த மூன்று பிள்ளைகள், ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் ஒரே விடை எழுதினால் அதை எப்படித் தள்ளுவது? எங்கேயோ பனிமலை நாட்டில் ஒருவர், இனிமேல் எல்லாத் தேதியும் கறுப்பாகவே இருக்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறார். ரவாங்கில் உன் சின்ன மாமா பொய் சொல்லவில்லை என்பதற்கு அது சாட்சியாக வந்து நிற்கும் என்று அவர் கனவிலாவது நினைத்திருப்பாரா? நம் கண்ணெதிரே, நகம் அளவு இடத்தில், இத்தனை வருடம் அந்த உண்மை சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

அங்கிருந்து நேரே சின்ன மாமா வீட்டுக்குப் போனேன். பக்கவாதம் வந்த பிறகு இடது கை சரியாகத் தூக்க வரவில்லை, பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத்தான் வருகிறது. நான் விவரம் சொல்லச் சொல்ல திலகா அத்தை டிவியை நிறுத்திவிட்டு வந்து நின்றாள். அப்பா ஏண்ணே வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் சிரித்தார். மெதுவாகச் சொன்னார், துரை குடுத்ததுன்னு நெனச்சதாலதானே லீலா, ஆபீசுக் கணக்குக் கிராணி எந்திரிச்சு நின்னு அப்பாகிட்ட மணி கேட்டான், மவன் வாங்கிக் குடுத்ததுன்னா கேட்டிருப்பானா? அதனால அப்பாவும் சும்மா இருந்தாரு, அப்புறம் நானும் விட்டுட்டேன். திலகா அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உனக்கு அனுப்ப எடுத்துப்போன கடிகாரத்தை அவருடைய இடது கையிலேயே கட்டிவிட்டு வந்தேன். அந்தக் கையை வலது கையால் தாங்கிப் பிடித்துக் காதுக்குக் கொண்டுபோனார். ஆகவே, சொன்னபடி அது உனக்கு வராது, கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும்.

பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு, விமலா வேலைக்குப் போகுமுன் எதையாவது சாப்பிடச் சொல். எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நீண்டகாலம் நன்றாக இருக்க அப்பாவும் நானும் வாழ்த்துகிறோம். ஒன்றை மறக்காதே, இந்த வாரமே சின்ன மாமாவுக்குப் போன் செய், கப்பல் கதையை முதலிலிருந்து சொல்லச் சொல். பேச்சு மெதுவாகத்தான் வரும், நீ அவசரப்படாதே. வீடு அளவு மீன் வரும் இடத்தில் சிரித்துவிடாதே, எனக்கு இப்போது அந்த மீன்மேலும் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது.

இப்படிக்கு
அன்பு அம்மா,
லீலாவதி