சாவி மாடிவீட்டில்

முப்பது வயது அய்யூபுக்குப் பிறவியிலிருந்தே எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். ஆனாலும் அம்மாவோடு சண்டை போட்டு, வேங்கிக்காலில் தனி அறைக்குக் குடிபோய்விட்டான். அவன் தையல் கடைக்குக் காஜா போடப் போன பிறகு, பாத்திரம் கழுவலாமென்று வந்தாள் அம்மா அஜ்மத் பேகம். எல்லாவற்றையும் அவனே தேய்த்துக் கவிழ்த்திருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்காக ஒரு சீட்டில் பெரிது பெரிதாக எழுதினாள்:

“அய்யூபு, டப்பால கீமா இருக்கு. ஸ்டவ் பத்தவைக்கறப்ப மட்டும் மாடிவீட்டு மௌலி சாரைக் கூப்பிடு, வெக்கப்படாதே. எங்கிட்ட இருக்கற சாவிய அவர்கிட்டயே குடுத்துட்டுப் போறேன். ‘உன்னால முடியாது’னு அன்னிக்குச் சொன்னது தப்புடா.”

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் இடுக்கி எழுதினாள்:

“நாளைக்கு ஒரே ஒரு தட்டக் கழுவாம வை. அம்மா வரேன்.”